கொக்கி இல்லாத கூரை

காலையில் எழுந்து பார்த்தபோது சாப்பாட்டு மேசையின் நடுவில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி கிடந்தது. இரவு இடியாப்பம் பிழிந்தபோது சிந்திய மாவு என்று என் மனைவி துடைத்துவிட்டார். மறுநாளும் அதே இடத்தில் அதே அளவு கிடந்தபோதுதான் இருவரும் அண்ணாந்து பார்த்தோம். மூன்று கைகளை விரித்துத் தொங்கும் விளக்கின் வட்டமான அடித்தட்டு, ஒரு பக்கம் விரல் நுழையும் அளவுக்குக் கூரையை விட்டு இறங்கியிருந்தது. மாடி அறையில் மகன் கட்டிலிலிருந்து குதிக்கும்போதெல்லாம் அது மெல்ல ஆடியது.

இங்கிலாந்தின் ரெடிங் நகரில் இந்த வீட்டை வாங்கி எட்டு மாதங்களே ஆகியிருந்தன. திருநெல்வேலியில் வளர்ந்த எனக்குக் கூரை என்றால் கான்கிரீட் தளம். கம்பி கட்டும்போதே மின்விசிறிக்கான கொக்கியை விட்டுவிடுவார்கள். பிறகு அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. கைபேசியில் படத்தைப் பார்த்த மாமனார், "என்ன மாப்பிள்ளை, தளம் போடும்போது கொக்கி விடாமலா வீடு கட்டினார்கள்?" என்று கேட்டார். இங்கே தளமே கிடையாது என்று அவருக்கு விளக்கச் சிறிது நேரம் பிடித்தது. மாடித் தரையைத் தாங்கும் மரச் சட்டங்கள் எங்கள் வீட்டில் 40 செ.மீ. இடைவெளியில் ஓடுகின்றன. ஜாய்ஸ்ட் எனப்படும் அவற்றின் அடியில் 12.5 மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டர்போர்டைத் திருகியிருக்கிறார்கள். இரண்டு காகிதங்களுக்கு நடுவே கொஞ்சம் ஜிப்சம், அதற்கு மேலே வெற்றிடம். வெள்ளையடித்த பின் கீழிருந்து பார்ப்பவருக்கு எது சட்டம், எது வெற்றிடம் என்று தெரியாது.

ஃபியூஸ் பெட்டியில் அந்த மின்சுற்றை அணைத்து, டெஸ்டரால் சோதித்துவிட்டு விளக்கைக் கழற்றினேன். வீடு 2003இல் கட்டப்பட்டது என்பதால் உள்ளே சிவப்பு, கறுப்பு வயர்கள்தான் இருந்தன. இந்நாட்டில் பழுப்பும் நீலமும் கட்டாயமானது 2006இல்தான். சிவப்பு என்றால் ஃபேஸ், கறுப்பு என்றால் நியூட்ரல் என்பது நம் ஊரிலும் பழகிய வழக்கம் என்பதால் எனக்கு ஒரு நொடி நிம்மதி ஏற்பட்டது. அந்த நிம்மதிதான் ஆபத்து. இங்கே பல வீடுகளில் சுவிட்சுக்குச் செல்லும் கேபிளும் விளக்கின் தலைமாட்டிலிருந்தே இறங்குகிறது. அதில் சுவிட்சிலிருந்து திரும்பி வரும் கறுப்பு வயர், சுவிட்சைப் போட்டதும் ஃபேஸாகிவிடும். அடையாளத்துக்குச் சுற்றியிருக்க வேண்டிய சிவப்பு உறை எங்கள் வீட்டில் இல்லை. எது எந்த முனையில் இருந்தது என்று படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் காகிதத் துண்டு ஒட்டிய பிறகே வயர்களைப் பிரித்தேன்.

திருகுகளோடு இரண்டு சிவப்பு பிளாஸ்டிக் பிளக்குகளும் கையோடு வந்தன. செங்கல் சுவருக்கானவை அவை. திருகு உள்ளே போகும்போது பிளக் விரிந்து சுற்றியுள்ள கல்லை நெருக்கும், கல் எதிர்த்து நெருக்கும். பிடிப்பு அதில்தான் இருக்கிறது. ஜிப்சத்தில் எதிர்த்து நெருக்க எதுவும் இல்லை, அது பொடியாகி மேசையில் உதிரும். முன்பு இதைப் பொருத்தியவர் கையில் கிடைத்ததைச் செருகியிருக்கிறார். நம் ஊர் ஹார்டுவேர் கடையில் நாம் கேட்டு வாங்கும் 'ராவல் பிளக்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்ற லண்டன் ஒப்பந்தக்காரர் இருக்கிறார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் சுவர்களைச் சிதைக்காமல் மின்சாதனங்களைப் பொருத்தவே அவர் 1910களில் சணல் நாரால் அதை உருவாக்கினார். விளக்குக்காகப் பிறந்த பொருள்தான். ஆனால் கல்லுக்காகப் பிறந்தது.

கடைக்குப் போவதற்கு முன் விளக்கை எடை பார்த்தேன். ஊருக்குக் கிளம்பும்போது பெட்டி 23 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் கொக்கித் தராசில் மாட்டியபோது 2.8 கிலோ காட்டியது. எந்த ஆங்கர், அதாவது திருகைப் பலகையில் பிடித்து நிறுத்தும் துண்டு, வேண்டும் என்பதை எடை மட்டும் தீர்மானிப்பதில்லை. எந்தத் திசையில் இழுக்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. சுவரில் மாட்டிய படம் கீழ்நோக்கி இழுக்கும்போது பலகையின் விளிம்பே பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்கிறது. கூரையில் தொங்கும் விளக்கோ ஆங்கரை அதன் நேர்க்கோட்டிலேயே, வந்த வழியே உருவி எடுக்கப் பார்க்கிறது. அதனால் உறையில் அச்சடித்த கிலோ கணக்கு சுவருக்கானதாக இருந்தால் கூரைக்கு அதை நம்பக் கூடாது.

கடையில் ஒரு சுவர் நிறைய ஆங்கர்கள் தொங்கின. தன் புரியாலேயே பலகையைத் துளைத்துக்கொண்டு ஏறும் ஆங்கர் பொருத்துவதற்கு எளிது, ஆனால் அதன் புரி பிடிப்பதும் அதே ஜிப்சத்தைத்தான். புகை எச்சரிக்கைக் கருவிக்கு வேண்டுமானால் சரி, தினமும் அதிரும் விளக்குக்கு நான் வைக்கமாட்டேன். பலகையின் பின்னால் குடைபோல மடிந்து விரியும் உலோக ஆங்கர் நல்லது. திருகைக் கழற்றி மீண்டும் மாட்டினாலும் அது இடத்திலேயே நிற்கும். பலகையின் தடிமனுக்கு ஏற்ற அளவில் வாங்க வேண்டும், இழுத்து விரிக்கத் தனிக் கருவியும் இருந்தால் நல்லது. எல்லாவற்றையும்விட மேலானது மரத்திலேயே திருகுவது. காந்தத்தைக் கூரையில் நகர்த்தி, பலகையைப் பிடித்திருக்கும் திருகுகளின் வரிசையைக் கண்டுபிடித்தேன். அருகிலிருந்த சட்டம் விளக்கிலிருந்து 15 செ.மீ. தள்ளி ஓடியது. மேல்மாடிக் கூரையாக இருந்தால் பரணில் ஏறி இரண்டு சட்டங்களுக்கு இடையே ஒரு குறுக்குக் கட்டையை அடித்திருப்பேன். இங்கே மேலே இருப்பது மகனின் அறைத் தரை.

ஆகவே ஸ்பிரிங் டாகிள் வாங்கினேன். இரண்டு இறக்கைகளை மடக்கித் துளைக்குள் தள்ளினால் மேலே 'டக்' என்று விரிந்து பலகையின் முதுகில் உட்கார்ந்துகொள்ளும். பாரம் ஒரு புள்ளியில் நிற்காமல் இறக்கையின் நீளம் முழுவதும் பரவும். துளை பெரியது, ஏறக்குறைய 15 மி.மீ.; அடித்தட்டு அதை மறைக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றை நான் தவறு செய்தே கற்றேன். திருகை அடித்தட்டில் கோத்த பிறகுதான் இறக்கையை மாட்ட வேண்டும். நான் முதலில் இறக்கையை ஏற்றிவிட்டு, தட்டை மாட்டத் திருகை முழுவதும் கழற்றியதும், இறக்கை மேலேயே விழுந்துவிட்டது. அது இன்னமும் அங்கேதான் கிடக்கிறது.

பழைய துளைகளிலிருந்து நான்கு விரல் விலகி, பொடியாகாத இடத்தில், மேலே கேபிள் ஓடவில்லை என்று பார்த்துப் புதிதாகத் துளைத்தேன். வயரை இணைப்பதற்கு முன் அடித்தட்டில் அதே தராசை மாட்டி, 10 கிலோ காட்டும் வரை கீழே இழுத்து, இரண்டு நிமிடம் பிடித்துக்கொண்டு நின்றேன். மனைவி மகனை மாடிக்கு அனுப்பிக் குதிக்கச் சொன்னார். தட்டு அசையவில்லை.

பழைய துளைகளில் ஒன்று மட்டும் அடித்தட்டுக்கு வெளியே அரை அங்குலம் தெரிகிறது. நிரப்பும் பசை வாங்கி வைத்திருக்கிறேன். கடையில் இருக்கும் பதினைந்து வகை வெள்ளையில் எங்கள் கூரை எந்த வெள்ளை என்பதைத்தான் இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.