வலயம் மாறும்போது வடிகானுக்கு யார் காசு?

மட்டக்களப்பு மாநகர சபையில் ஒரு தெருவை வதிவிட வலயத்திலிருந்து கலப்பு வலயமாக மாற்றும் பேச்சு வரும்போது, விவாதம் வரைபடத்தைச் சுற்றியே நடக்கும். கடை வரலாமா, விருந்தினர் விடுதி வரலாமா, மூன்று மாடி போகலாமா என்று கேட்பார்கள். வரவு செலவுத் திட்டம் வேறொரு நாளில், வேறொரு கோப்பில், கணக்காளரின் மேசையிலிருந்து வரும். இரண்டும் ஒரே மேசையில் சந்திப்பதில்லை. சபை வேலையில் பழகிய எவரும் முதலில் தட்டுப்படும் கோளாறு என்று இதைத்தான் சொல்வார்கள்.

வலயத்தை மாற்றுவது சபையின் கையில் மட்டும் இல்லை. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் அபிவிருத்தித் திட்டம் தயாராகி, 60 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, அமைச்சரின் அங்கீகாரத்தோடு வர்த்தமானியில் வரவேண்டும். சபையின் திட்டமிடல் குழு பார்ப்பது, அதிகார சபை கையளித்த அதிகாரத்துக்குள் வரும் தனித்தனி விண்ணப்பங்களை. ஆனால் திட்டம் வந்தபின் அதன் செலவைச் சுமப்பது சபைதான். வடிகான், தெருவிளக்கு, குப்பை, கலி பவுசர் (மலக்குழியை உறிஞ்சி எடுக்கும் வண்டி), ஒழுங்கைத் திருத்தம் எல்லாம் சபையின் தலையில்.

மட்டக்களப்பில் வடிகானைத் தனியாகவே பேசவேண்டும். புளியந்தீவு, கல்லடி, நாவற்குடா, திருப்பெருந்துறை எங்கே நின்றாலும் ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல் அல்லது இன்னொரு வாவிக் கை. தரை மட்டம். வடிகானுக்கு 500க்கு 1 என்ற சரிவு கொடுத்தால், 500 மீற்றர் ஓடும்போது அதன் அடி 1 மீற்றர் கீழே போகும். கரையோர ஒழுங்கைகள் பலவற்றில் அந்த 1 மீற்றரே கிடைக்காது. அதனால் 1000க்கு 1 என்று குறைக்கிறார்கள். சரிவு குறைந்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் கல்லடி மணல் அடியில் படியும். மார்கழியில் மேலே தண்ணீர், கீழே அரையடி மணல்.

இப்போது வலய மாற்றத்தை இதோடு பொருத்திப் பாருங்கள். 20 பேர்ச் வளவு ஏறத்தாழ 506 சதுர மீற்றர். ஒரு மணித்தியாலத்தில் 50 மில்லிமீற்றர் மழை கொட்டினால் அந்த வளவில் விழுவது 25 கனமீற்றர். மா, தென்னை நிற்கும் மணல் வளவாக இருந்தால் ஐந்தில் ஒரு பங்கு வெளியே ஓடும் என்று கணிக்கலாம், அதாவது 5 கனமீற்றர். அதே வளவில் கட்டடமும் வாகனத் தரிப்பிடமும் வந்து முழுவதும் கொங்கிரீட்டும் கல்லும் பதித்தால் 90 வீதம் ஓடும், 22 கனமீற்றருக்கு மேல். 20 வளவுள்ள ஒழுங்கையில் 100 கனமீற்றர் இருந்த இடத்தில் 450. ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழமுள்ள கொங்கிரீட் வடிகான், 500க்கு 1 சரிவோடு, மணல் இல்லாமல், மணித்தியாலத்துக்கு 600 கனமீற்றரளவு கொண்டுபோகும். தாளில் தப்பிவிட்டோம். ஆனால் மாரியில் வாவி மட்டம் உயர்ந்து வடிகானின் வாயை மூடினால் சரிவே இல்லாமற்போகிறது, தண்ணீர் நின்றுவிடும். பிறகு வாவி கடலோடு சேரும் பாலமீன்மடு முகத்துவாரத்தை வெட்டும் தீர்மானத்தைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதில் விவசாயி, மீனவர், நகரத்தார் மூன்று பேருக்கும் மூன்று கணக்கு.

ஆகவே வலய மாற்றத்துக்கான குறிப்பில் முதலில் கேட்கவேண்டியவை மூன்று: இந்த ஒழுங்கைத் தண்ணீர் எந்த இடத்தில் வாவிக்குள் விழுகிறது, அந்த வாயின் மட்டம் என்ன, அது தனியார் வளவுக்குள்ளால் போகிறதா. மூன்றாவதுதான் அதிகம் கவிழ்க்கும். பழைய நில அளவைப் படத்தில் தோணாவாக, அதாவது இயற்கை நீரோடையாகக் கிடந்தது இன்று மதிலுக்குள் இருக்கும்.

வரவுப் பக்கம் வாருங்கள். வலயம் மாறினால் வருமானம் கூடும் என்பது பொய் இல்லை. எப்போது வரும் என்பதில்தான் சிக்கல். காணி விற்பனையில் முத்திரைத் தீர்வை முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். 1 கோடி ரூபா உறுதிக்கு 3,99,000 ரூபா. இது மாகாணத்தின் ஊடாகச் சபைக்கு வந்து சேரும், ஆனால் உறுதி முடிந்த மாதத்தில் வராது, ஒருமுறைதான் வரும். இதை நம்பி ஆண்டுதோறும் செய்யவேண்டிய மணல் அள்ளும் வேலைக்குத் தொகை போட்டால் அடுத்த ஆண்டே துண்டு விழும்.

சோலை வரி, அதாவது சபைக்குக் கட்டும் சொத்து வரி, ஆண்டுதோறும் வரும், ஆனால் மெதுவாகத்தான் ஏறும். விலைமதிப்பீட்டுத் திணைக்களம் மீள மதிப்பிடும்வரை வீடு என்ற பழைய ஆண்டுப் பெறுமதியிலேயே விடுதியும் வரி கட்டிக்கொண்டிருக்கும். ஆண்டுப் பெறுமதி 24,000 ரூபா, வரி 10 வீதம் என்று வையுங்கள்: 2,400 ரூபா. ஜனவரி 31க்கு முன் முழுவதும் கட்டினால் 10 வீதக் கழிவு போக 2,160. மாதத்துக்கு 180 ரூபா. கலி பவுசர் ஒருமுறை வந்துபோகும் டீசலுக்கே அது காணாது. வருமானப் பரிசோதகர் வீதி வீதியாகப் போய்ப் பயன்பாடு மாறிய கட்டடங்களைப் பதிவுசெய்து அனுப்பினால் இடைக்கால மதிப்பீடாவது கேட்கலாம். அந்தப் பட்டியலைத் திட்டமிடல் பிரிவின் அனுமதிப் பத்திரங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் இருந்தால் நல்லது. ஒரே கூரைக்குக் கீழுள்ள இரண்டு பிரிவுகள்தானே.

குப்பையும் இதே கதை. திருப்பெருந்துறைக் குப்பை மேட்டின் பிரச்சினைகளுக்குப் பிறகு குப்பை கொடுவாமடுவுக்கு ஏற்றப்படுகிறது. ஒவ்வொரு ட்ரக்டர் பெட்டிக்கும் தூரம் காசு. வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் வளவுக்குள்ளேயே உக்கிவிடக்கூடியது. வளவே இல்லாத உணவகத்தின் குப்பை முழுவதும் வண்டியில் ஏறும்.

மலக்குழி விடயத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் சொல்லுக்குத் திட்டமிடல் குழுவில் எடை கொடுக்கவேண்டும். இங்கே குழாய்வழிக் கழிவகற்றல் இல்லாத தெருக்களே அதிகம். மணல் நிலம், மாரியில் நிலத்தடி நீர் ஓரிரு முழம் கீழேயே நிற்கும். கிணற்றுக்கும் ஊறல் குழிக்கும் (மலக்குழித் தண்ணீர் நிலத்தில் ஊறும் குழி) இடையில் 50 அடி விடவேண்டும். 20 பேர்ச் வளவில் ஒரு குடும்பத்துக்கு அது சரிவரும். 15 அறை விடுதிக்கு, பக்கத்து வளவுக் கிணறுகளையும் சேர்த்து அளந்தால், வரைபடத்தில் குழிக்கு இடமே இருக்காது. வரைஞர்கள் பக்கத்து வளவுக் கிணற்றைப் படத்தில் போடாமல் விடுவது இதனால்தான். களத்தில் போய் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு மருந்து இல்லை.

இந்த ஊருக்கே உரிய இன்னொரு நெருக்கடி காணிப் பிரிவினை. பெண் பிள்ளைக்கு வீடும் வளவும் கொடுப்பது மட்டக்களப்பு வழக்கம். 20 பேர்ச் வளவை மூன்று பிள்ளைகளுக்குப் பிரிக்கும்போது 10 அடி அகலத்தில் 60 அடி நீளப் பாதை விட்டால் 600 சதுர அடி, அதாவது 2.2 பேர்ச் போய்விடும். மிகுதியை மூன்றாக்கினால் துண்டு ஒன்று சரியாக 150 சதுர மீற்றர். கட்டடத் துண்டுக்குப் பொதுவாகக் கேட்கப்படும் குறைந்த அளவும் அதுவே. எல்லையில் மதில் ஒரு அடி உள்ளே இருந்தாலும் மூன்று துண்டும் நிராகரிக்கப்படும். பிறகு பாதையை 4 அடியாகச் சுருக்கி உறுதி எழுதி, அனுமதியில்லாமல் வீடு எழும்பும். அம்புலன்ஸ் போகாத, கலி பவுசர் குழாய் எட்டாத பின்வளவு வீடுகள் இப்படித்தான் உண்டாகின்றன. அந்தத் தெருவையே கலப்பு வலயமாக்கினால் முன்துண்டு கடையாகும், பின்துண்டுகள் அடைபடும்.

கோடு கீறுவது இலவசம் என்ற எண்ணத்துக்கு 2004 கடற்கோளுக்குப் பின் நடந்ததைவிட வேறு விளக்கம் தேவையில்லை. கிழக்கில் கடற்கரையிலிருந்து 200 மீற்றருக்குக் கட்டடத் தடை வலயம் என்றார்கள். கரையோர நாவலடிக் குடும்பங்கள் பல திராய்மடுவுக்குப் போயின. பிறகு தடை தளர்ந்தது, கரையிலும் ஆட்கள் திரும்பிக் குடியேறினார்கள். புதுக் குடியிருப்புக்கும் பழைய கரைக்குமாக வீதி, விளக்கு, வடிகான் இரண்டு மடங்காயின. சோலை வரி இரண்டு மடங்காகவில்லை.

செலவைப் பங்கிடும் முறையும் உதவுவதில்லை. மூலதனத் தொகையை வட்டாரத்துக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்தால் எல்லோருக்கும் திருப்தி, ஆனால் 60 மீற்றர் வடிகான் இங்கே, 40 மீற்றர் அங்கே என்று துண்டு துண்டாக நிற்கும். வடிகானை வாயிலிருந்து மேல்நோக்கிக் கட்டவேண்டும். கீழ் வட்டாரத்தில் வாய் இல்லாமல் மேல் வட்டாரத்தில் கட்டிய வடிகான் நுளம்புத் தொட்டி. இரண்டு உறுப்பினர்கள் தங்கள் ஒதுக்கீட்டைச் சேர்த்து ஒரே மதிப்பீட்டில் போடச் சம்மதித்தால் அது பெரிய காரியம். கட்சி வேறாக இருந்தால் இன்னும் பெரிய காரியம்.

காலமும் ஒத்துழைக்காது. வரவு செலவுத் திட்டம் பேசப்படும் கார்த்திகை, மார்கழியில்தான் தெருவெல்லாம் வெள்ளம், அப்போது எல்லா வடிகானும் அவசரமாகத் தெரியும். தொகை கையில் வந்து, மட்டம் அளந்து, கேள்விப்பத்திரம் கோரி, ஒப்பந்தம் எழுத சித்திரை, வைகாசி ஆகும். ஆவணிக்குள் தோண்டி முடிக்காவிட்டால் குழியில் தண்ணீர் இறைத்துக்கொண்டே கொங்கிரீட் போடவேண்டும், அது நிலைக்காது. ஆகையால் மட்டங்களை அளக்கும் வேலையையாவது முந்திய ஆண்டே முடித்துவைத்தால் மூன்று மாதம் மிச்சம். வெள்ளம் நின்ற உயரத்தை மதிலில் பெயின்ட்டால் குறித்து வைப்பதற்கு ஒதுக்கீடும் தேவையில்லை.

60 நாள் பார்வைக் காலத்தில் வரும் ஆட்சேபங்களில் பல "எங்கள் ஒழுங்கை அமைதி கெடும்" என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகின்றன. அதை வைத்து ஒரு அலுவலராலும் எதையும் மாற்ற முடியாது. வளவின் சோலை வரி இலக்கம், நில அளவைப் படத்தின் இலக்கம், ஒழுங்கையின் உண்மையான அகலம் மூன்று இடங்களில் அளந்தபடி, பக்கத்துக் கிணறுகள் இருக்கும் இடம், வெள்ளம் நின்ற உயரத்தைக் காட்டும் படம் திகதியோடு, வடிகான் எங்கே முடிகிறது என்ற ஒரு கைப்படம். இவை இணைத்த கடிதத்தைப் பதில் எழுதாமல் தட்டிக்கழிப்பது கடினம். வாவிக் கரையிலிருந்து 100 மீற்றருக்குள் வளவு இருந்தால் கரையோரம் பேணல் திணைக்களத்துக்கும் ஒரு பிரதி போகட்டும், பதிவுத் தபாலில்.