தகப்பன் பெயருக்கான இடம்

பொலித்தீன் உறையிலிருந்து மகனின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை அவள் வெளியே எடுத்தாள். தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மையால் ஒரு சிறு கோடு.

அந்தக் கோட்டைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டே பாடசாலை எழுதுவினைஞரிடம் நீட்டினாள்.

எட்டிப் பார்த்த ஒருவர் அந்த வசைச்சொல்லைச் சொன்னார். பையனுக்கு ஆறு வயது இருக்கும். நிமிர்ந்து பார்த்தான்.

அதை இங்கே எழுத மாட்டேன். இப்படிப் பிறந்த பிள்ளைகளுக்கு அகராதியில் இருக்கும் பெயர்களை எழுதுகிறேன்.

கன்னி பெற்றவன் கானீனன். கர்ணன் அப்படிப் பிறந்தவன்தான். கணவன் உயிரோடிருக்க இன்னொருவனுக்குப் பிறந்தவன் குண்டகன். கைம்பெண் பெற்றவன் கோளகன்.

கன்னி, மனைவி, கைம்பெண் என்று தாயின் நிலையைத் துருவித் துருவி இத்தனை பெயர்கள். பெற்றுவிட்டுப் போனவன் யார், மணமானவனா, ஆகாதவனா என்று இவற்றில் ஒன்றாவது கேட்கிறதா? எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தரின் சட்டத்தில் ஒரு வாசகம் உண்டு: தாய் முறைகெட்ட பிள்ளை பெறுவதில்லை. தாயின் சொத்து அந்தப் பிள்ளைக்கு உண்டு, தகப்பனுடையது இல்லை. பாதி நீதிதான். ஆனாலும் அந்தப் பாதிகூட நம் வாயில் வரவில்லையே!

போரில் கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், தாமே விலகி வந்தவர்கள் என்று தனியே பிள்ளை வளர்க்கும் தாய்மார் இங்கே ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கிறார்கள். பாடசாலையில் சேர்க்க வரும் அவர்களிடம், பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு, "தகப்பன் எங்கே?" என்று உரக்கக் கேட்காதீர்கள். தயவுசெய்து.