யானை மழுங்கினால் தேய்மானமா?

ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயைக் கையில் எடுத்ததும் எல்லோரும் பார்ப்பது அரசரின் அங்கியில் இருக்கும் குட்டி யானையைத்தான். 1911-ல் அது பன்றி மாதிரி இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பி, 1912-ல் தும்பிக்கையைத் திருத்திய அச்சு வந்தது. யானை தெளிவாக இருந்தால் நல்ல கிரேடு, மழுங்கியிருந்தால் தேய்ந்த காசு. சந்தையில் இதுதான் வாய்ப்பாடு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

என்னிடம் இரண்டு 1918 ரூபாய்கள் இருந்தன. பின்பக்கத் தாமரைக்குக் கீழே சிறு புள்ளி, அதாவது பம்பாய் அச்சு. ஒன்றில் யானையின் காது மடல்வரை தெரிந்தது; மற்றதில் வெறும் மேடு. டியூப்லைட்டை அணைத்துவிட்டு, ஒற்றை பல்பின் கீழ் விளிம்பைப் பிடித்து மெல்லச் சாய்த்தேன். மழுங்கிய யானையின் மேலும் ஒளி தடங்கலில்லாமல் சுழன்று போனது; புழங்காத காசில்தான் அப்படிப் போகும். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால், அந்த மேட்டில் அச்சு முழுதாகப் பதியாமல், அடிப்பதற்கு முன்பிருந்த வெற்று வில்லையின் பழைய சொரசொரப்பே மிச்சம் இருந்தது. தெளிவான யானைக் காசிலோ அரசரின் கன்னத்திலும் புருவத்திலும் ஒளி சட்டென்று அறுந்து, மங்கிய சாம்பல் நிறம். பல கைகள் மாறியிருக்கிறது. மழுங்கியது, அடி (அச்சு வில்லையில் பதியும் விதம்) சரியாக விழாத காசு. தெளிவானது, அடி நன்றாக விழுந்து, பிறகு புழங்கிய காசு.

அந்த ஆண்டு வெள்ளி ரூபாய்க்குக் கடும் தட்டுப்பாடு. பிட்மன் சட்டத்தின்படி அமெரிக்கா தன் வெள்ளி டாலர்களை உருக்கி இந்தியாவுக்காக விற்ற காலம் அது. அவசரத்தில் அச்சைத் தேயத் தேய ஓட்டியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

நூறு வயது தாண்டிய நாணயத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972 தொல்பொருள் சட்டம் இடம் தராது. அதனால் உள்நாட்டிலேயே தரம் பார்க்கும் ஒரு நிறுவனத்தில் இரண்டையும் கொடுத்தேன். கூடவே கொடுக்க நினைத்த மூன்றாவது காசை எடுத்து வைத்துவிட்டேன். யாரோ விபூதி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள். அப்படிப்பட்ட காசுக்குத் தர எண் கிடைக்காது, குறையுள்ள காசு என்ற பொருளில் 'டீடெய்ல்ஸ்' என்றுதான் எழுதித் தருவார்கள்.

ஷெல்டன் என்ற நாணய ஆய்வாளர் 1949-ல் அமெரிக்கச் செம்புக் காசுகளுக்காக வகுத்த 1 முதல் 70 வரையான அளவுகோலைத்தான் இங்கேயும் பின்பற்றுகிறார்கள். 60-க்குக் கீழே பெரும்பாலும் தேய்மானத்தைத்தான் அளக்கிறார்கள். 60-ஐ எட்டினால்தான் அடி, பளபளப்பு, உரசல் தழும்பு எல்லாம் கணக்குக்கு வரும்.

மழுங்கிய யானைக்கு எம்எஸ் (புழங்காத காசு) 61 வந்தது, தெளிவான யானைக்கு ஏயூ (கொஞ்சமே புழங்கிய காசு) 55. லேபிளில் அடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவருக்கு யானை எப்படி இருக்கும் என்று தெரிய வழியே கிடையாது. 61-க்கு ஒருவர் நல்ல விலை சொல்லியிருக்கிறார், கொடுத்துவிடுவேன். எனக்கு அந்த 55 போதும்.