சூரிய ஒளியில் ஒரு சொக்கப்பனை: தெருவார் கூடிச் செய்து பார்த்த அனுபவம்

கார்த்திகைத் தீபத்தன்று கோயில் முன்பாகப் பனந்தண்டை நட்டு, அதைச் சுற்றிக் காய்ந்த ஓலைகளைக் கட்டிக் கொளுத்துவார்களே, அந்தச் சொக்கப்பனையின் வடிவத்தில் ஓர் ஒளிச்சிற்பத்தைச் செங்கல்பட்டில் எங்கள் தெருவார் கூடிச் செய்து வருகிறோம். 12 அடி மூங்கில் கம்பத்தைச் சுற்றி, நட்சத்திரத்துக்கு ஒன்றாக 27 கூண்டு விளக்குகள் மேலேறிச் செல்லும். வீட்டுக்கு ஒரு கூண்டு என்பது ஏற்பாடு; மின்சாரம் முழுவதும் சோலார் பேனலிலிருந்தே வர வேண்டும் என்பது நிபந்தனை.

இந்த நிபந்தனைக்குப் பகை பண்டிகையின் காலமேதான். கார்த்திகைத் தீபம் பெரும்பாலும் நவம்பர் இறுதியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ, வடகிழக்குப் பருவமழைக்கு நடுவே வருகிறது. ஆகவே, பேனல் எவ்வளவு தரும் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, மூன்று இரவுகள் வெயிலே இல்லாமல் எரிய என்ன வேண்டும் என்பதிலிருந்து கணக்கைத் தொடங்கினேன்.

கூண்டுக்கு 8 வீதம் மொத்தம் 216 எல்.இ.டி.கள். வகை டபிள்யூஎஸ்2812பி: சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒன்றாய் அமைந்து, ஒவ்வொன்றின் நிறத்தையும் கட்டளையால் தனித்தனியே மாற்றக்கூடியது. முழு வெண்மையில் ஒவ்வொன்றும் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும் என்பதால், அப்படியே எரியவிட்டால் 65 வாட் தேவைப்படும். ஆனால் தீபத்துக்கு வெண்மை எதற்கு? நீலத்தை அணைத்து, பச்சையை மூன்றில் ஒரு பங்காக்கி, பிரகாசத்தைக் கால் பங்காகக் குறைத்தபோது, அகல் விளக்கின் நிறமும் கிடைத்தது, தேவையும் 8 வாட் அளவுக்கு இறங்கியது. மாலை 6 முதல் 10 மணி வரை எரிய, மின்மாற்ற இழப்பையும் சேர்த்து இரவுக்கு 40 வாட் மணி வேண்டும். மூன்று இரவுக்கு 120 என்பதால் 12.8 வோல்ட், 12 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை வாங்கினோம். ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறங்கவிடுவது அதன் ஆயுளைக் குறைக்கும் என்பதால், அதே வேலைக்கு ஏறத்தாழ இரு மடங்கு கொள்ளளவைச் சுமக்க வேண்டியிருக்கும்.

எளிதில் கண்ணில் படாத செலவு ஒன்று உண்டு. இவ்வகை எல்.இ.டி. அணைந்திருக்கும்போதும் அதனுள் இருக்கும் சில்லு ஏறத்தாழ ஒரு மில்லி ஆம்பியரைக் குடிக்கிறது. 216 சில்லுகளும் மீதி 20 மணி நேரத்தில் தின்பது ஓர் இரவுத் தேவையில் பாதி. பகலில் மின்னோட்டத்தை அடியோடு துண்டிக்க ஒரு ரிலேவை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை) வைத்த பிறகே கணக்கு நேரானது.

40 வாட் பேனலைத் தெற்கு நோக்கி 34 பாகை சாய்த்திருக்கிறோம். ஏறத்தாழ 13 பாகை அட்சரேகையில் ஆண்டு முழுவதற்கும் இது அதிகச் சாய்வுதான். ஆனால் நவம்பர் இறுதியில் நண்பகல் சூரியன் 56 பாகை உயரத்தில்தான் நிற்கிறது; அதன் கதிர் பேனலில் செங்குத்தாக விழ இந்தச் சாய்வு வேண்டும்.

கூண்டுகளில்தான் தெருவின் கைவண்ணம் தெரிகிறது. மூங்கில் பிளாச்சு, பனையோலைப் பின்னல், பழைய தகர டப்பாவில் ஆணியால் துளையிட்ட கோலம் என்று ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. பட்டக் காகிதம் மழையில் கரைந்துவிடும் என்பதால், உள்ளே ஒளி புகும் வெள்ளைப் பிளாஸ்டிக் தாளை மட்டும் அனைவருக்கும் பொதுவாக்கினோம். விளக்குகள் தொடராக இணைவதால், நடுவில் ஒன்று பழுதானால் அதற்குப் பிறகுள்ளவை எல்லாம் கட்டளை பெறாமல் போகும். அதனால் ஒன்பது ஒன்பதாகப் பிரித்து மூன்று தனித் தடங்களாக்கி, விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் சிறு கணினிப் பலகையான இஎஸ்பி32-இன் 3.3 வோல்ட் குறியீட்டை 5 வோல்ட்டாக உயர்த்தும் சில்லு ஒன்றையும் சேர்த்தேன். கூண்டுகளின் இணைப்புகள் யாவும் கீழ்நோக்கியே இருக்கும். ஒயரில் சிறு தொய்வு விட்டால், வழியும் மழைநீர் இணைப்புக்குள் போகாமல் அங்கேயே சொட்டிவிடும்.

ஒளியின் அசைவுக்கு, பனம்பூக் கரியைத் துணியில் கட்டி நெருப்பிட்டுச் சுழற்றும் மாவளியை மாதிரியாகக் கொண்டோம். ஒரு நேரத்தில் சில பொறிகள் மட்டும் பளிச்சிட்டு மறைவதால், பார்ப்பதற்குத் துடிப்பாக இருந்தாலும் சராசரிச் செலவு கூடுவதில்லை. அடி வரிசை ஒன்பது கூண்டுகளும் கம்பத்தில் ஏறிவிட்டன. நடு வரிசைக்கு ஒயர் இழுக்கும் முன், பேட்டரிப் பெட்டியைத் தரையிலிருந்து மூன்றடி உயர்த்த வேண்டும். எங்கள் தெருவில் மழைநீர் முழங்கால் வரை நிற்கும்.