ஓணான் தென்படாத நாள்

ஆனைமலையின் உயரமான சோலைகளில் ஓணான் பதிவெடுக்கும் வேலை என்றால், நாள் முழுக்க ஓணானாகப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அதிகம் பார்ப்பது மூடுபனியைத்தான். அப்புறம் அட்டைகளை.

நாங்கள் தேடுவது ஆனைமலை முள் ஓணான். சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெடோம் 1878இல் விவரித்த இனம். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, நீலகிரியில் இருப்பது இதன் உறவினமான வேறு ஓணான். அதனால் எந்த முகட்டில், எந்த உயரத்தில் பார்த்தோம் என்பது இல்லாத பதிவு பெரிதாக உதவாது. ஆனால் செங்குத்தான பள்ளத்திலும் அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் ஜிபிஎஸ் கருவிக்குச் செயற்கைக்கோள் சரியாகக் கிடைக்காது. நின்ற இடத்திலேயே அது காட்டும் இடம் தாவும். சற்று நேரம் விட்டு மறுபடி எடுத்து, பிழை எத்தனை மீட்டர் என்று கருவி காட்டுவதையும் சேர்த்தே எழுதுவேன். எல்லாம் பென்சிலில்தான். ஈரத்தில் பேனா மை ஊறிவிடும்.

வெயில் விழாத வரை ஓணான் அசையாது. பாசி படிந்த கிளையில் பாசியோடு பாசியாக ஒட்டிக்கிடக்கும். ஆள் நெருங்கினால் ஓடுவதற்குப் பதில் கிளையின் மறுபக்கத்துக்கு மெல்ல நகரும். நாம் சுற்றிப் போனால் அதுவும் சுற்றும். சில நேரம் கிளையைப் பிடித்திருக்கும் நகங்கள் மட்டும்தான் கண்ணில் படும். உடன் வரும் வேட்டைத் தடுப்புக் காவலர் எனக்கு முன்பே பார்த்துவிடுவார். "சார், கைக்குப் பக்கத்துலதான் இருக்கு" என்பார். எனக்கு அப்போதும் இலைதான் தெரியும்.

இதனால்தான் ஒன்றும் தென்படாத நாளையும் முழுதாகப் பதிகிறேன்: தேடிய நேரம், நடந்த பாதை, காற்றின் வெப்பம், மேகம், தேடியவர் யார் என்பது உட்பட. பார்த்ததை மட்டும் எழுதிவைத்தால், வெயிலடித்த நாட்களின் கணக்குதான் மிஞ்சும். மூடுபனி நாளின் பூஜ்யத்தை ஓணான் குறைந்துவிட்டது என்று யாராவது எடுத்துக்கொள்ளவும் கூடும். புதிதாகச் சேர்பவர்களுக்கு அந்த வெற்றுத் தாளை நிரப்பச் சலிப்பாக இருக்கும். எனக்கோ மற்றவர்களின் பழைய பதிவேடுகளைப் புரட்டும்போது முதலில் தேடத் தோன்றுவதே அதுதான். பெரும்பாலும் இருக்காது.