2/4 தப்பா சார்?

போன குறுவை அறுப்பு சமயம், பழைய மாணவர்கள் கொஞ்சம் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். "கணக்குக்கு நல்ல சாஃப்ட்வேரா ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க" என்று ஹெச்.எம். வேலையை என் தலையில் கட்டினார். மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் எங்கள் பள்ளி. லேபில் 10 கம்ப்யூட்டர்; ஓடுவது 8.

முதலில் ஒரு கம்பெனிக்காரர் வந்து டெமோ காட்டினார். யானை ஆடியது, நட்சத்திரம் கொட்டியது. 15 நாள் சும்மா ஓட்டிப் பார்க்கக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே தனியாக உட்கார்ந்து, வேண்டுமென்றே தப்புத் தப்பாக விடை போட்டேன். சரியான விடைக்குக் கைதட்ட எதற்கும் தெரியும். 0.3 + 0.25-க்கு 0.28 என்று போடுகிற பிள்ளையிடம் இது என்ன சொல்கிறது? (வருஷா வருஷம் நாலு பேராவது 3-ஐயும் 25-ஐயும் கூட்டி 28 போட்டுவிடுவார்கள்.) "தவறு, மீண்டும் முயற்சி செய்." அவ்வளவுதான். அப்புறம் கேள்வியைப் படிக்காமலே நாலு விடைகளையும் வரிசையாக அமுக்கினேன். மூன்றாம் நிலைக்குப் போய்விட்டேன், பதக்கத்தோடு.

தமிழ் தனிக் கூத்து. கன அளவு என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ஒலியளவு'. ஒரு லட்சத்தை 1,00,000 என்று அடித்தால் ஏற்காது. 100,000 என்றுதான் வேண்டுமாம்.

மறுவாரம் ஏழாம் வகுப்பை உட்கார வைத்தேன். ஒரு பெண் கையைத் தூக்கினாள். "1/2-க்கு 2/4 போட்டேன், சிவப்பு காட்டுது. 2/4 தப்பா சார்?" கேள்வியை எட்டிப் பார்த்தேன், சுருக்கி எழுதச் சொல்லவே இல்லை. "ரெண்டு கால் மா சேர்ந்தா அரை மா தானே சார்?" என்றாள். அவர்கள் வீட்டில் நிலத்தை மா கணக்கில்தான் பேசுவார்கள். 100 குழி ஒரு மா. மூன்று மா கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த பின்னம் அந்த சாஃப்ட்வேருக்குத் தெரியவில்லை.

அடுத்து ஜியோஜீப்ரா, திரையில் கணக்குப் படங்களை வரைந்து இழுத்துப் பார்க்கிற சாஃப்ட்வேர். ஆஸ்திரியாவில் மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் 2001-ல் தொடங்கியது. வகுப்பில் பயன்படுத்தக் காசு கிடையாது, ஒருதரம் ஏற்றிவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும். முதல் பீரியட் முழுக்கக் கிறுக்கலிலேயே போனது, சொல்லிவிடுகிறேன். பாடத்தை நாம்தான் தயார் செய்து கொண்டுபோக வேண்டும். அதுவாக எதுவும் நடத்தாது.

இரண்டாம் நாள் முக்கோணம் போட்டு, மூன்று கோணங்களையும் காட்ட வைத்தோம். தசமம் குழப்பும் என்று முழு எண்ணாக வைத்திருந்தேன். முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்த பையன் ஒருவன், "சார், எனக்கு 181 வருது" என்றான். திரையில் 46, 68, 67. கூட்டினால் 181தான்! எனக்கே ஒரு நிமிஷம் திக்கென்றது. பிறகு தசமத்தைத் திறந்து காட்டினேன்: 45.5, 67.6, 66.9. கூட்டி 180 வந்ததும், "அப்ப மூணையும் ஏத்திவிட்டதுதான் கோளாறா?" என்றான். முழுதாக்கலை நான் அதுவரை அவ்வளவு சுலபமாக நடத்தியதில்லை.

ஹெச்.எம்.முக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்: சாஃப்ட்வேர் வாங்க வேண்டாம், ஓடாத ரெண்டு கம்ப்யூட்டரைச் சரி பண்ணுவோம், மீதிக்கு இன்வெர்ட்டர் பேட்டரி. கம்பெனிக்காரர் போன் செய்தபோது 2/4 விஷயத்தைச் சொன்னேன். "அடுத்த வெர்ஷன்ல வந்துடும் சார்" என்றார்.