பூனைக்குச் சளி பிடித்தால்: தும்மலை விட மூச்சையும் பசியையும் கவனியுங்கள்

ஒன்றிரண்டு தும்மலுக்குப் பதற வேண்டாம். தும்மலோடு கண்ணில் நீர், மூக்கில் ஒழுகல், சாப்பாட்டை முகர்ந்துவிட்டு அப்படியே நகர்ந்துபோவது எல்லாம் சேர்ந்துகொண்டால் சளிக்காய்ச்சல்தான். பெரும்பாலும் ஹெர்பெஸ், கலிசி என்ற இரண்டு வைரஸ்களில் ஒன்று. கண் சிவந்து பாதி மூடியே கிடந்தால் ஹெர்பெஸ் மேல் சந்தேகம். நாக்கில் புண், எச்சில் வடிதல், சில சமயம் நொண்டல் என்றால் கலிசி.

முதலில் மூச்சை எண்ணிவிடுங்கள். பூனை தூங்கும்போது மார்பு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ‘குர்ர்’ என்று சத்தம் எழுப்பும்போது எண்ணினால் கணக்கு தப்பும். நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப அதைத் தாண்டினால் அன்றே மருத்துவர். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஈறு வெளுத்தோ நீலம் பாரித்தோ இருந்தாலோ உடனே கிளம்புங்கள். அந்த நிலையில் இறுக்கிப் பிடிப்பதும் வாயில் மருந்து ஊற்றுவதும் கூடவே கூடாது.

வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்றால் மூக்குதான் முக்கியம். வாசனை தெரியாத பூனை சாப்பிடாது. சாப்பிடாமல் இரண்டு மூன்று நாள் போனால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து, சளியை விடப் பெரிய ஆபத்தாகிவிடும். பெரிய பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் மருத்துவரிடம் பேசுங்கள்; குட்டி என்றால் அவ்வளவு நேரமும் காத்திருக்கக் கூடாது.

மூக்கிலும் கண்ணிலும் காய்ந்த பொருக்கைப் பிய்க்காதீர்கள், தோல் உரிந்துவிடும். சலைனில் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் அதன்மேல் வைத்திருந்தால் ஊறித் தானே வரும். ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு. குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவி நிறைந்ததும் பூனையோடு 10–15 நிமிடம் உட்காருங்கள், நாளைக்கு இரண்டு வேளை. கொதிநீர்ப் பாத்திரத்துக்கு மேல் முகத்தைப் பிடிக்க வேண்டாம். யூகலிப்டஸ் தைலம், கற்பூரம், சளி பாம் எதுவும் பூனைக்கு ஆகாது. ஆவி முடிந்த கையோடு ஈர உணவை வெதுவெதுப்பாக்கி வையுங்கள். மூக்கு திறந்திருக்கும் அந்தச் சற்று நேரத்தில்தான் சாப்பிடும்.

பாரசிட்டமால் துண்டு கூடக் கொடுக்காதீர்கள், பூனையின் உயிரையே எடுத்துவிடும். வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு கண் சொட்டும் வேண்டாம். ஹெர்பெஸ் புண் இருந்தால் கருவிழியே பாழாகும். மருத்துவர் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக் கொடுத்தால், விழுங்க வைத்ததும் 5–6 மில்லி தண்ணீர் கொடுங்கள். வெறுமனே விட்டால் உணவுக்குழாயில் ஒட்டி, புண்ணாகி, குழாயே சுருங்கிவிடும்.

மற்ற பூனைகள் இருந்தால் தனி அறை, தனிக் கிண்ணம், தனி மணல்தட்டு. கலிசி தரையிலும் பாத்திரத்திலும் வாரக்கணக்கில் தங்கும். கை சானிடைசரை நம்ப முடியாது. சோப்பால் கழுவியபின், 32 பங்கு தண்ணீரில் 1 பங்கு ப்ளீச் கலந்து, அந்த நீரால் நனைத்து 10 நிமிடம் விட்டு, நன்றாக அலசிக் காய வையுங்கள்.

தும்மல் இல்லாமல், பதுங்கிய மாதிரி உட்கார்ந்து கழுத்தை நீட்டி இருமுகிறதா? முடி உருண்டை என்று விட்டுவிடுகிறார்கள். எதுவும் வெளியே வரவில்லை என்றால் ஆஸ்துமாவாக இருக்கலாம். மருத்துவர் முன் பெரும்பாலும் இருமாது. போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள்.